சுவரோரம் அப்பா நின்ற வாரம்

அன்பு மகளுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்களுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, மனசுக்குத்தான் சுளுக்குப் பிடித்திருந்தது, அதுவும் நேற்று விட்டுவிட்டது. உன் சித்தி நம் பகுதிக்கே சுகாதார ஆய்வாளராக வந்தாள் அல்லவா, வந்ததும் அவள் கண் விழுந்தது நம் தெருமுனைச் சுவரில்தான். அங்கே குப்பை வீசினால் அபராதம், இல்லையென்றால் ஒரு வாரம் காலையில் அங்கேயே நின்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். முதலில் மாட்டியது யார் தெரியுமா, உன் அப்பா. ஸ்கூட்டரை நிறுத்தாமலே இடது கையால் பையைச் சுழற்றி எறிவாரே, அதே பழக்கம். தெருவே பார்க்க, வண்டியை ஓரங்கட்டுங்க சார் என்றாளாம். அபராதம்கூட அவருக்கு உறைக்கவில்லை, இத்தனை வருஷம் அத்தான் என்று கூப்பிட்டவள் சார் என்றதுதான் சுட்டுவிட்டது.

இனிமேல் அவ இந்த வீட்டுப் படி ஏறட்டும் பாக்கறேன் என்று குதித்தார். அவளோ, அத்தானை விட்டுட்டு நாளைக்கு யாரைக்கா பிடிப்பேன் என்று போனில் அழுதாள், ஆனால் இறங்கி வரவில்லை. தினமும் நம்மோடு சாப்பிடுகிறவள் வருவதையே நிறுத்திவிட்டாள். நான் இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமானேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பேன் என்று நினைக்க, அவள்மேல் மதிப்புத்தான் கூடியது.

பணம் கட்டினால் மச்சினிக்குப் பயந்தவன் என்பார்கள் என்று, அப்பா வீம்புக்கு, அப்படி நிற்பவர்களுக்குச் சித்தி கொடுக்கும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கப் போனார். பால் வாங்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். வண்டியில் வருகிறவரின் தோள் லேசாக இறங்கினாலே இவருக்குத் தெரிந்துவிடுகிறது, பழகிய கை அல்லவா. என்ன சார், பந்து போடப் போறீங்களா, போன வாரம் வரைக்கும் இந்த டீமுக்கு நான்தான் கேப்டன், இப்ப வாசலுக்கே குப்பை வண்டி வருது, அதுல போடுங்க என்கிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே பையோடு திரும்பிப் போகிறார்கள். இப்போது சுவரில் பழைய கறை மட்டும்தான் மிச்சம்.

வாரம் முடிந்தும் அப்பா மேல்சட்டையைத் திருப்பித் தரவில்லை. நேற்று மாலை சித்தி வாசலிலேயே நின்று, சட்டையைக் கொடுங்க சார் என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சார் எல்லாம் தெருவோட, உள்ள வந்து சாப்பிடு, சட்டை எனக்கு நாளைக்கும் வேணும் என்றார். சரி அத்தான் என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள்.

எங்கே இருந்தாலும் நாலு பேர் மெச்ச நன்றாயிரு கண்ணே. ஒன்று மறக்காதே, அப்பாவிடம் பேசும்போது இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, தானே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா