ஆறு வாரம், ஆறு வேளை

மார்ச் 4, செவ்வாய்

இந்தச் சிகிச்சை இல்லத்துக்கு வந்து இரண்டாவது நாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காத ஒரு ஜன்னல். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பதினாறு வருடம் தீயணைப்பு வண்டியில் போய் ஊரார் கதவையெல்லாம் உடைத்தவன் நான். இங்கே என் கதவை நர்ஸ் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திறக்கிறார்.

ஆறு வாரம். தினமும் ஆறு வேளை சாப்பாடு. “மாட்டுக்குக்கூட நடுவுல அசைபோட நேரம் குடுப்பாங்க” என்றேன். உணவு ஆலோசகருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். சிரிக்கவில்லை.

“மாட்டுக்குப் பசிச்சா தெரியும் சார். உங்களுக்குத் தெரியல.”

நிலைய அதிகாரியின் கடிதம் இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டேன். சிகிச்சையை முடிக்காமல் வண்டியில் ஏறக் கூடாதாம். வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: “குணமாகி வாங்க. குணமான மாதிரி நடிச்சுட்டு வராதீங்க.”

நடிக்கத்தான் போகிறேன். ஆறு வாரம் நடிக்க முடியாதா என்ன?

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு மேஜையில் ஏழு பெண்கள், நான் ஒருவன். எதிரே ஐம்பது தாண்டிய ஒரு கணக்கு டீச்சர். மூன்றாவது முறையாக இங்கே வந்திருக்கிறாராம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஃபேன் ரிப்பேருக்கு வந்தீங்களா, தம்பி?”

“இல்ல டீச்சர். சாப்பிட வந்தேன்.”

“அப்ப நீங்களும் ரிப்பேர்தான்.”

வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தேன். தட்டு அப்படியே இருந்தது. நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம். நானும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. தோற்றது யார் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 8, சனி

உங்கள் உடம்புக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார் மனநல ஆலோசகர். வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த உடம்பு எனக்கு என்ன செய்தது, நன்றி சொல்ல?

மத்தியானம் எல்லோரும் படுத்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், புகை சூழ்ந்த ஒரு வீடு. உள்ளே ஒரு பெரியவர். நான் பக்கவாட்டு ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்து இடுப்போடு சிக்கிக்கொண்டேன். என் கூட்டாளி பின்வாசலை உடைத்துப் பெரியவரைத் தூக்கி வந்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு இரண்டு பேர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். அன்று சாயங்காலமே நிலையத்தில் எனக்குப் பெயர் வைத்தாயிற்று. தக்கை. புட்டி வாயில் அடைத்த தக்கை.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்.

அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தேன். முதல் வருடம் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வருடம் சட்டை தொளதொளத்தது. அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு இளைத்தும் பெயர் போகவில்லை; அர்த்தம்தான் மாறியது. காற்றடித்தால் பறக்கிற தக்கை.

போன மாதம் ஒரு கிடங்கில் தீ. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கண் இருட்டி விழுந்தேன். கையை விட்டு நழுவிய குழாய் பாம்பு மாதிரி துள்ளிக் கூட்டாளியின் தோளில் அடித்தது. அவனுக்குக் காறை எலும்பு முறிவு.

சாப்பிடாமல் இருப்பது நோயாம். களைப்பு என்றுதான் நான் இன்னும் சொல்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

டீச்சரின் ரொட்டி என் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. கண்ணால் கேட்டார், கையை நீட்டினேன். நேற்றும் இன்றும். நர்ஸுக்குத் தெரியாது. முப்பத்தொன்பது வயதில் ஒரு டீச்சரோடு கூட்டு சேர்ந்து கள்ளத்தனம்! இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சியிருக்கிற சுதந்திரம் இதுதான்.

மார்ச் 17, திங்கள்

எழுதியே ஆகணும்.

காலையில் நடைபாதையில் டீச்சர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்தார். சரிந்தார். ஓடிப் போய்த் தலையைத் தாங்கினேன். கழுத்தில் விரல் வைத்தால் — எத்தனை கழுத்துல விரல் வச்சிருக்கேன் — ஒன்று, ரெண்டு, அப்புறம் ஒண்ணும் இல்ல. மறுபடி ஒண்ணு. நின்னு நின்னு அடிக்குது.

கத்தினேன். நர்ஸ் வந்தார். “காலையில என்ன சாப்பிட்டாங்க?”

தட்டு காலியாக இருந்ததை அவரே பார்த்து எழுதியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை என்றால் டாக்டரிடம் அதைத்தான் சொல்வார்.

டீச்சருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் சொன்னது.

“ஒண்ணும் சாப்பிடல. அஞ்சு நாளா அவங்க பங்கு என் பாக்கெட்லதான் வருது.” எடுத்துக் காட்டினேன். ரொட்டி நசுங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

மனுஷனாடா நீ? பிழைக்க வைக்கிறதுதானே உன் தொழில்?

மார்ச் 18, செவ்வாய்

டீச்சர் பிழைத்துக்கொண்டார். காலையில் எனக்கு வைத்த இரண்டு முட்டையையும் தின்றேன். கோபத்தில்தான், ஆனால் தின்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டாளி வந்தான், கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.

“எனக்கு எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. உனக்கு எப்படா ஒட்டும்?”

“இனிமே என்னைத் தக்கைன்னு கூப்பிடாதே” என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

திகைத்துப்போனான். “டேய், அது சும்மா விளையாட்டுக்கு. நீயும்தானே சிரிச்ச?”

“சிரிச்சேன். சிரிப்பு வரல.”

“ஆறு வருஷமா சொல்லலியேடா, பாவி” என்றான்.

போகும்போது என் சொந்தப் பெயரைச் சொல்லி விடைபெற்றான். அவன் வாயிலிருந்து வந்தபோது யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

டீச்சர் திரும்பிவிட்டார். சக்கர நாற்காலி. பக்கத்தில் போனேன்.

“காட்டிக்குடுக்கிறவங்களோட எனக்குப் பேச்சு கிடையாது.”

“பேச வேணாம் டீச்சர். உயிரோட இருந்து பேசாம இருங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருக்கட்டும். நானும் ரோஷக்காரன்தான்.

மார்ச் 29, சனி

மோசமான நாள். கண்ணாடியில் வயிற்றைப் பார்த்தேன். பழைய குரல் வந்துவிட்டது: சிக்குவே, மறுபடி சிக்குவே. மத்தியானம் தட்டைத் தள்ளினேன், தண்ணீர் கொட்டியது. உணவு ஆலோசகர் துடைத்துவிட்டு வேறு தட்டு வைத்தார்.

“என் மேல கோபப்படுங்க சார். சாப்பிட்டுக்கிட்டே கோபப்படுங்க.”

பட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு. தட்டு முடியும்போது வசவும் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பது நாள் மௌனத்துக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டில், தலையை நிமிர்த்தாமல் டீச்சர் பேசினார்.

“அந்த உப்பை இங்க தள்ளுங்க.”

தள்ளினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் எழுந்து போகவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

ஆறு வாரம் முடிந்தது. ஏணி ஏற இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை நிலையத்து வயர்லெஸ் அறையில் வேலை, வாரா வாரம் இங்கே பரிசோதனை. வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. சரி, மூன்று மாதம். அந்த ஏணி என்னுடையது. எந்த நோய்க்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நோய் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

வாசலில் மனைவி முகத்தையே பார்த்தாள். “நடிப்பா?”

“முதல் ரெண்டு வாரம்” என்றேன்.

மே 9, வெள்ளி

நிலையத்தில் மத்தியானச் சாப்பாடு. பாதித் தட்டில் மணி அடித்தது. மரக்கடையில் தீ. எல்லோரும் ஓடினார்கள், நான் வயர்லெஸ் அறைக்கு ஓடி முகவரியும் வழியும் சொல்லி வண்டியை அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் தீ அடங்கியதாகத் தகவல் வந்தது. யாருக்கும் காயமில்லை.

முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மணி அடித்தால் எனக்குக் கொண்டாட்டம். திரும்பி வந்து மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். யாரும் கேட்க முடியாது.

இன்று கூடத்துக்குத் திரும்பினேன். ஆள் இல்லை. எட்டுத் தட்டுகள், இழுத்தபடி கிடந்த நாற்காலிகள். என் சோறு ஆறி விறைத்திருந்தது. குழம்பைச் சுடவைத்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் கஷ்டப்பட்டேன். முடித்தேன்.

பிறகு அவர்களுடைய தட்டுகளை மூடிவைத்தேன். பசியோடு வருவார்கள்.