அலாகா போன் மாற்றினாள்

21 அக்டோபர், திங்கள்

நான் அலாகாவாக மைக் பிடித்து நடத்திக்கொடுத்த சனிக்கிழமைக் கல்யாண வீடியோவை இன்று ஸ்டேட்டஸில் போட்டேன். முதல் பதில் மணப்பெண்ணிடமிருந்தே வந்தது. “அலாகா, நல்லா பேசியிருக்கீங்க. ஆனா நடுவுல நிக்கிறது நீங்களா, தண்ணி டிரம்மா?”

என் ஆண்ட்ராய்டு அப்படித்தான் எடுக்கிறது. ஊரின் இன்னொரு அலாகா ஒமோலாராவிடம் ஐஃபோன். அவள் வீடியோவில் பல்லிடுக்கில் ஒட்டிய கீரை கூடப் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் பெரிய கல்யாணமெல்லாம் அவளுக்குத்தான். மைக்கைப் பிடித்து இரண்டு வீட்டாரையும் வம்புக்கிழுத்து, மாப்பிள்ளைத் தோழர்களை நெடுஞ்சாண்கிடையாக விழவைத்து, அபராதம் வாங்கி, சிரிக்கவும் அழவும் வைக்கிறேனே, அது யாருக்கும் பொருட்டில்லை. இபாதானில் இப்போது அலாகாவின் வாயைப் பார்ப்பதில்லை, கையில் என்ன போன் என்று பார்க்கிறார்கள்.

மாறப் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

சிமி அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஆண்ட்ராய்டைக் குறை சொன்னால் தன் அம்மாவையே சொன்ன மாதிரி முகம் மாறும். “யாரோ கடிச்சுப் போட்ட பழத்துக்கு இந்த ஆட்டமா?” என்றார்.

ஆமாம். இந்த ஆட்டம்தான்.

24 அக்டோபர், வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஹஜ் போய் வந்த அலாஜா சிதிகாத் வீட்டுக் கல்யாணம் எனக்கு! நவம்பர் 9. துணிச்சந்தையில் அலாஜா கடைக்குள் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வர கால் மணி நேரம் ஆகும், அவ்வளவு பெரிய கடை. மணப்பெண் அவர் தம்பி மகள். இவளுக்குப் பிறகு அந்த வீட்டில் இன்னும் எட்டுப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எட்டு! அலாஜாவுக்கு என்னைப் பிடித்துவிட்டால் ஒன்பது கல்யாணம். பிடிக்காவிட்டால் ஒன்றோடு சரி.

அவருக்கு ஒமோலாராதான் வேண்டுமாம். பெண் பிடிவாதம் பிடித்து என்னைக் கேட்டிருக்கிறாள். ஆகவே நான் பெண் வீட்டுக்காக உட்காரும் அலாகா. ஒமோலாராவை மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திவிட்டார்கள், அவர்களுக்காக நிற்கும் அலாகாவாக. போர்தான்.

மாலையில் அலாஜா முப்பத்திரண்டு குரல் பதிவுகள் அனுப்பினார். அவர்கள் குலத்தின் ஒரிக்கி முழுவதும்: யார் யாரை எப்படிப் புகழ வேண்டும், எந்தக் கிளைக்குப் பின் எந்தக் கிளை. கடைசிப் பதிவில் எச்சரிக்கை: “ஒரு கிளை விட்டுப்போனாலும் அவங்க சாப்பிடாம எழுந்து போயிடுவாங்க. என் போன்ல இடமே கிடையாது, அனுப்பினதும் அழிச்சிடறேன். நீ பத்திரமா வச்சுக்கோ.”

வைத்துக்கொள்ள மாட்டேனா! நான் எதையும் எழுதிப் படிப்பவளில்லை. எவேது கீரையைக் கடைந்துகொண்டே காதில் போட்டுக் கேட்பேன், ஒட்டிக்கொள்ளும். இன்று முதல் இரண்டு பதிவுகள் கேட்டேன். என்ன கம்பீரம்!

29 அக்டோபர், செவ்வாய்

வாங்கிவிட்டேன் வாங்கிவிட்டேன் வாங்கிவிட்டேன்.

போன் கடைச் சந்தில் இஃபேயானியிடம். பழையதைக் கொடுத்து, மேலே பணம் போட்டு, புதியதை வாங்குவதுதான் இங்கே வழக்கம். அவன் சொன்னான்: “அக்கா, அவசரப்படாதீங்க. ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு எல்லாத்தையும் மாத்திடறேன். ஒரு மணி நேரம் ஆகும்.”

ஒரு மணி நேரமா? நான் ஏற்கனவே கண்ணாடி முன்னால் நின்று நாலு படம் எடுத்தாயிற்று. “வேணாம்பா, எல்லாம் கூகுள்ல பத்திரமா இருக்கு.”

“வாட்ஸப்புமா?”

“அதுவும்தான். பழசை நல்லா அழிச்சுடு. தலைப்பா கட்டாத படமெல்லாம் இருக்கு அதுல.” அழித்தான். இன்னொரு தரம் அழி என்றேன். அதையும் செய்தான். கைதட்டினேன்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போனைப் பையில் வைக்க மனமே வரவில்லை. ஷேர் டாக்ஸியில் பக்கத்தில் இருந்தவர் “மணி என்னம்மா?” என்று கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் போனை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதே நாள், சமையல் முடிந்து

இல்லை.

வாட்ஸப்பில் குழுக்கள் எல்லாம் இருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. அலாஜாவுடனான பேச்சு— காலி. முப்பத்திரண்டும் போச்சு. அய்யோ, போச்சே!

சிமி அப்பா வாங்கிப் பார்த்தார். “கூகுள்ல இருக்கிற வாட்ஸப் பேக்கப் ஐஃபோன்ல இறங்காது, மொரேனிகே. ரெண்டு போனும் கையில இருக்கும்போதே மாத்தியிருக்கணும்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“வாங்கிட்டு வா, வீட்டுல வச்சு மாத்தித் தர்றேன்னு நேத்து ரெண்டு தரம் சொன்னேன்.”

சொன்னார். நான் அப்போது போன் உறைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.

30 அக்டோபர், புதன்

அவர் திட்டவே இல்லை. வீடு முழுக்க ஏதோ பாட்டை முனகிக்கொண்டு திரிகிறார். அந்த ராகத்துக்குத் திட்டே தேவலாம்.

அலாஜாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாமா? “நீங்கள் மூச்சு வாங்கச் சொன்ன குலப்பெருமையை நானே நின்று இரண்டு தரம் அழிக்கச் சொன்னேன்” என்றா? ஒன்பதும் போகும்.

ஆனால் இந்தப் போனில் என் கன்னம் எப்படி இருக்கிறது தெரியுமா!

2 நவம்பர், சனி

நான் கெட்டிக்காரி. இதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

தலைப்பாத் துணி வாங்குவது போல அலாஜா கடைக்குப் போனேன். துணிக்கட்டுகளுக்கு நடுவே போனைச் சாய்த்து, வீடியோ பதிவை ஓடவிட்டேன். பிறகு மெதுவாகத் தூண்டில் போட்டேன். “அலாஜா, அந்த ஒரிக்கியை உங்க வாயால நேர்ல கேக்கணும்னு ஆசையா இருக்கு. பதிவுல கேட்டா அந்த வீரம் வரமாட்டேங்குது.”

அவ்வளவுதான், எழுந்து நின்றுவிட்டார். நாற்பது நிமிடம்! சந்தைக்குப் போன பாட்டனார், ஆற்றைத் தாண்டிய பாட்டி, ஏழு கிளை, அத்தனை பேர். துணி வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். கடைசியில், “ரெண்டு தரம் சொல்லிட்டேன், பொண்ணே. இனி உன் பாடு” என்றார். அவர் காலைத் தொடாத குறையாக வந்தேன்.

சிமி அப்பாவின் முனகலை நாளைக்கு நிறுத்திக் காட்டுகிறேன்.

3 நவம்பர், ஞாயிறு

என்னை யாராவது அடிங்களேன்.

மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டோம். இருபது விநாடி. சத்தமே இல்லை. அதில் அலாஜா கோழி கொத்துவது போலத் தலையை ஆட்டுகிறார், கை காற்றாடியாகச் சுற்றுகிறது, கூட்டம் குபுக்கென்று வந்து குபுக்கென்று போகிறது, நான் ஓரத்தில் ஓணான் போல— இல்லை, அதைவிட வேகமாக— தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

“நீ அழுத்தினது டைம் லேப்ஸ்,” என்றார் சிமி அப்பா. “மேகம் ஓடறது, பூ விரியறது எடுக்கறதுக்கு. சத்தம் பதியாது.” தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிமி பதினோரு தரம் போடச் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதேன், மூக்கு ஒழுகியது. இந்தக் குடும்பத்தில் புத்தியுள்ளவர் யாருமில்லை.

இன்னும் ஆறு நாள்.

6 நவம்பர், புதன்

இன்று உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. கடை வாசலில் ஒரு தையல்காரர் நின்றிருந்தார். அளவுச் சீட்டை இரண்டாம் தரமும் தொலைத்துவிட்டாராம், அளவை மறுபடி கேட்டார்.

அலாஜா போட்ட சத்தம்! “ஒரு தரம் குடுத்தேன். தொலைச்சே. ரெண்டாம் தரம் குடுத்தேன். மூணாந்தரம் வந்து நிக்கறவனுக்கு என் வீட்டு வேலை எதுக்கு? துணியை வச்சுட்டுப் போ!”

பிறகு என்னைப் பார்த்து இனிமையாக, “வா அலாகா, என்ன விஷயம்?”

“சும்மாதான் வந்தேன், அலாஜா.”

ஐந்து கெஜம் லேஸ் துணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதில் தைக்க எனக்கு ஒன்றுமே இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். தொண்டை கட்டிப் போயிருக்கிறது, நல்லவேளை பேனாவுக்குத் தொண்டை இல்லை.

காலையில் ஒப்பனை முடித்து, மூன்றடுக்குத் தலைப்பா கட்டி, படம் எடுக்கப் போனை முகத்தின் முன் நீட்டினேன். திறக்கவில்லை. யாரோ அந்நியப் பெண் என்று நினைத்துவிட்டது. “எனக்கே சந்தேகமா இருக்கு, போனைக் குறை சொல்லாதே,” என்றார் சிமி அப்பா. எண்ணை அழுத்தித் திறந்தேன்.

மண்டபத்தில் எண்ணூறு பேர். முதல் பாதி என் ராஜ்ஜியம். ஒமோலாரா மாப்பிள்ளை கூட்டத்தோடு ஆடிக்கொண்டே வந்தாள், வாசலிலேயே மடக்கினேன். தோழர்களை நாலு தரம் விழவைத்தேன். ஒருவன் பாதி விழுந்தான். “என்ன தம்பி, சட்டை புதுசோ?” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. அவன் ஐந்தாம் தரம் முழுசாக விழுந்தான்.

பிறகு அந்த நேரம் வந்தது. மணப்பெண் முக்காட்டோடு உள்ளே வந்து நின்றாள். குலப்புகழை நான் சொல்ல வேண்டும். மேளக்காரர் கை ஓங்கி எனக்காகக் காத்திருந்தார். தொடங்கினேன்:

“பெருமழையிலும் கதவு சாத்தாதவர் பிள்ளைகளே! நீங்கள் நுழைந்தால் சந்தையே எழுந்து நிற்குமே! கடன் கேட்டு வந்தவனுக்கும் முதலில் சோறு போட்டவர்களே! ஆற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் பேரர்களே!”

அதோடு தீர்ந்தது. நாலு வரி. மனதில் அடுத்ததாக ஓடியது அந்த இருபது விநாடி ஊமைப் படம்தான். முதல் வரிசையில் ஏழு கிளையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அலாஜா என்னையே பார்த்தார். ஒமோலாரா மைக்கில் மெல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி: “என்ன அலாகா, சார்ஜ் போயிடுச்சா?” எதிர்ப்பக்கம் சிரித்தது.

எட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு போவது போல இருந்தது. வாய் மட்டும் தன் வேலையை விடவில்லை. நேராக அலாஜா முன்னால் போய் மண்டியிட்டேன்.

“எண்ணூறு பேரும் கேளுங்க! இந்தக் குலத்தோட பெருமையைக் கூலி வாங்கற வாய் முழுசா சொல்லலாமா? எனக்கு நாலு வரிக்கு மேல உரிமை இல்ல. அஞ்சாவது வரியிலேருந்து இந்த வீட்டு ரத்தம் சொல்லணும். அலாஜா சொல்லலேன்னா அபராதம் மாப்பிள்ளை வீட்டுக்கு இல்ல, அலாஜாவுக்கு!”

மைக்கை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துபோயிற்று என்று தோன்றியது. வாங்குவாரா, என் தலைப்பாவிலேயே போடுவாரா?

வாங்கினார்.

அம்மம்மா! கடையில் சொன்னது ஒன்றுமே இல்லை. ஐந்தாவது வரியில் மேளம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது கிளையில் பெண்ணின் அப்பா எழுந்து நின்று முகத்தைத் துடைத்தார். ஏழாவது கிளை வரும்போது நாற்காலியில் ஒருவருமில்லை, எல்லோரும் மேடையில் ஆடினார்கள். மணப்பெண் விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன், பயத்தில் தொடங்கி வேறு எதிலோ முடிந்தது. கொஞ்சம் பொறாமையும்தான். என் மேடை அது. ஒமோலாரா என் காதருகில் வந்து, “இதை நீயே யோசிச்சியா, இல்ல மாட்டிக்கிட்டியா?” என்றாள். தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தேன்.

அலாஜா மைக்கைத் திருப்பித் தரவே இல்லை. கேக் வெட்டும்வரை அவர் கையில்தான் இருந்தது.

12 நவம்பர், செவ்வாய்

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இஃபேயானி கடை, இரண்டு தரம் அழித்தது, கைதட்டியது, துணிக்கட்டு, எல்லாம். கடைசியில் அந்த இருபது விநாடியைக் காட்டினேன்.

முழுக்கப் பார்த்தார். இன்னொரு தரம் போடு என்றார். போட்டேன். தோள் குலுங்கியது. துணிக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார், கண்ணில் நீர். “அடி பாவி, நாப்பது நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினேனே! என்னைக் கோழியாக்கிட்டியே!”

“மன்னிச்சுடுங்க, அலாஜா.”

“மன்னிக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல இதை எனக்கு அனுப்பு.”

“உங்க போன்ல இடம் இருக்காதே?”

“மருமகன் படத்தை அழிச்சுக்கறேன்.”

சாயங்காலம் பார்த்தால் அவர் ஸ்டேட்டஸில் அலாஜாக் கோழி கொத்திக்கொண்டிருக்கிறது. எட்டுக் கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

5 டிசம்பர், வியாழன்

காலையில் அலாஜா வீட்டுக்கே வந்தார். சிமி அப்பா நாற்காலி துடைத்துப் போட, நான் ஆக்காரா வடை பொரித்தேன். இரண்டாவது பெண்ணுக்கு ஜனவரி 18 என்று தேதி வைத்தாயிற்றாம்.

“நம்ம பக்கம் உக்காரப் போற அலாகா யாருன்னு முடிவு பண்ணிட்டேன்,” என்றார்.

“யாரு, அலாஜா?”

“நான்தான். அன்னிக்கு மைக்கைப் பிடிச்சதுலேருந்து கடையில உக்காரவே பிடிக்கல. எட்டுப் பொண்ணுக்கும் நானே உக்காரப் போறேன்.”

எட்டும் போயிற்று. அதுவும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்து! எண்ணெயில் ஆக்காரா கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே? எதிர்ல நிக்க எனக்கு ஒரு ஆள் வேணாமா? நாலு வரியோட மாட்டிக்கிட்டும் ஒருத்தி வாயை மூடாம நின்னா பாரு, அவதான் வேணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட சொல்லியாச்சு. எட்டுக்கும் மாப்பிள்ளை பக்கம் நீதான் நிக்கறே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், உன்னை லேசுல உள்ள விடமாட்டேன். ஒழுங்கா மண்டி போடணும்.”

அவர் கிளம்பிய பிறகு ஒமோலாரா போனில் கூப்பிட்டாள். “ஊர்ல இருக்கிற அலாகா போதாதுன்னு புதுசா ஒண்ணைக் கிளப்பி விட்டுட்டியே!” என்று கத்தினாள். சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

மாலை கூடத்தில் மண்டியிட்டு எழுந்து பழகினேன். ஒன்பதாவது தடவை எழ முடியவில்லை. சிமியும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.