நீ கட்டி முடிக்காத வீடு

இன்று காலை கல்லடியில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் வீடு வீடாக மீற்றர் பார்த்துக்கொண்டு போனபோது சுறா வறை வாசம் வந்தது. தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடுதலாக வறுபட்ட வாசம். நீ நின்றிருந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கி, "மஞ்சள் கூடிப்போச்சு மச்சான்" என்று வீட்டுக்காரிக்குக் கேட்கும்படியே சொல்லியிருப்பாய். நான் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கேற்றுக்குப் போனேன். உன் ஒழுங்கைகளையும் சேர்த்து இப்போது நான்தான் பார்க்கிறேன்.

நாம் ஒரே நாளில் இந்த வேலைக்கு வந்தவர்கள். மின்சார மீற்றர் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டு யாரும் பிறப்பதில்லை. நாய்க்குப் பயந்து, பில் கூடிப்போனதென்று ஏசுகிறவர்களுக்குத் தலையாட்டி, மாதா மாதம் அதே பெட்டி, அதே கண்ணாடி. போர்க்காலத்தில் அதற்கு மேலும் ஒரு கேடு சேர்ந்தது. வீடு வீடாகப் போகிறவர்கள் என்பதால் எல்லோருக்கும் நம்மிடம் கேள்வி இருந்தது. அந்த வீட்டில் புதிதாக யார் நிற்கிறார்கள் என்று சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரன் கேட்பான். பின்னேரம் சைக்கிளில் வருகிற இயக்கத்துப் பெடியனும் அதையே கேட்பான். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்போடு, "எனக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்" என்பாய். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "இப்பிடியே சொல்லிச் சொல்லி ஒரு நாளைக்கு உண்மையிலயே நம்பர் மட்டுந்தான் தெரியப்போகுது" என்பாய்.

உண்மையில் உனக்குத் தெரிந்தது அடுப்படிகள். எந்த வீட்டில் இறால் சொதிக்குப் புளி பத்தாது, எந்த வீட்டில் நண்டுக் கறிக்கு முருங்கை இலை போடுகிறார்கள் என்பதெல்லாம் உனக்குப் பாடம். கல்லடிப் பாலத்தடியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்பாய். ஆனால் உனக்குத் தங்கச்சி இருந்தாள். நம் பக்கத்தில் வீடு கொடுக்காமல் பெண்ணுக்குக் கல்யாணமில்லை. தகப்பன் இல்லாவிட்டால் அது தமையனின் தலையில். நாவலடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருந்த அந்தத் துண்டுக் காணியில் சம்பளம் சம்பளமாகக் கட்டினாய். ஓடு போட்டு, அவளைக் கட்டிக்கொடுத்து, வயரிங்கும் நீயே பார்த்தாய். "தைப்பொங்கல் முடிய வேலைய விடுறன் எண்டு எழுதிக் குடுக்கிறன். மறுகா என்னைச் சட்டியோடதான் பார்ப்பாய்" என்றாய். நான் உன்னை அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன் மார்கழியில் கடல் வந்தது.

தங்கச்சியும் புருசனும் அன்றைக்கு நகருக்குள் மாமி வீட்டில் நின்றதால் தப்பினார்கள். கொஞ்ச நாளில், எந்த மீற்றர் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவர நம்மையே அனுப்பினார்கள். நாவலடியில் மணலும் சரிந்த கம்பங்களும்தான் இருந்தன. தங்கச்சி வீடு நின்ற இடத்தில் நின்று, "இல்லை எண்டு எழுது" என்றாய். பக்கத்து இடத்திலும் அதையே சொன்னாய். அந்த வீட்டுக்காரி நமக்கு மாதா மாதம் தேத்தண்ணி தந்தவள். அன்றைக்கே இரண்டு பேரும் வேலையை எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஒழுங்கைக்குப் போனோம்.

பிறகு வெளிநாட்டுக்காரர் யாரோ உள்பக்கத்தில் ஒரு குடியேற்றம் கட்டி, உன் தங்கச்சிக்கும் ஒரு வீடு கொடுத்தார்கள். எனக்கு மெத்தச் சந்தோசம். "இனியென்ன, உன்ட பாரம் இறங்கிட்டு. வேலைய விடு" என்றேன்.

நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். "அது ஆரோ குடுத்த வீடுடா. நான் குடுத்த வீடு எங்க இரிக்கி?"

"உன்ட வீட்டைக் கடல் கொண்டுபோனதுக்கு நீ என்ன செய்ற?"

"கொண்டுபோனது போனதுதான். வெள்ளைக்காரன்ட வீட்டைக் காட்டி இதுதான் நான் குடுத்த சீதனம் எண்டு மச்சானுக்கு முன்னால நிக்க எனக்கு ஏலா."

உன் மச்சானோ, தங்கச்சியின் புருசன், அந்த வீட்டில் மதியத்திலும் குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதன். தங்கச்சி உன் கையைப் பிடித்து, "எனக்கு இது போதும் அண்ணா" என்று அழுதாள். நீ கேட்கவில்லை. அதே வளவுக்குள், அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினாய். உன் மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான். கடலே அவிழ்த்துவிட்ட கயிற்றை எடுத்து நீயே திரும்பவும் கழுத்தில் மாட்டிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு கடையைப் பற்றி நீ பேசவில்லை. வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து கூடாரங்களில் கிடந்த காலம், சீமெந்து விலை ஏறிய காலம், எல்லாவற்றிலும் உன் சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டவில்லை. போர் முடிந்த அன்று சாவடியில் ஆமிக்காரர் வெற்றி கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லை" என்றாய். பிறகு வீதி திறந்தது, கல்குடாப் பக்கம் வெள்ளைக்காரர் சுற்றுலா வந்தார்கள், பாலத்தடியில் யாரோ ஒருவன் சாப்பாட்டுக் கடை போட்டான். திறந்த கிழமையே உன்னை இழுத்துக்கொண்டு போனேன். "நல்லாத்தான் இரிக்கி" என்று தலை நிமிராமல் சாப்பிட்டாய். புளி கூடவா குறையவா என்றுகூட நீ சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மாரியில் ஒரு வீட்டுக் கேற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாய். வீட்டுக்காரி தண்ணி கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீடு முடிந்து நான் வேலைக்குப் போன அன்று, உன் ஒழுங்கைகளையும் பார்க்கச் சொன்னார்கள்.

அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். வாழைச்சேனையில் என் மைத்துனன் மீன் வாங்கி விற்க வாடி போட்டிருக்கிறான். கூட வந்து நில்லுங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டான். சித்திரையோடு இந்த வேலையை விடுவதென்று மனைவியிடமும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "மகளும் வளந்திட்டாள், வளவு வெறுமனே கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முற்றம் கூட்டப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி கூப்பிட்டாள் என்று போனேன். உன் சுவரில் ஆட்டைக் கட்டியிருந்தாள். மேலே ஏற்றுவதற்காக நீ வாங்கி அடுக்கிய சீமெந்துக் கல் ஒரு மூலையில் பாசி பிடித்துக் கிடந்தது.

"இதப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியிது அண்ணா. உங்கட மகளுக்கு வீடு கட்டத்தானே வேணும். கொண்டு போங்க. எங்கட அண்ணன் குடுத்ததா இரிக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அண்ணன் கொடுத்தது என்று அவள் சொல்லிவிட்டாள். உழவு மெசினும் இழுவைப் பெட்டியும் பிடித்து நானே ஏற்றினேன், நானே இறக்கினேன். உன் கல் பாரம் மச்சான். தோள் இன்னும் நோகிறது. இறக்கி முடிய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள், மகள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டு மேசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"எப்ப அண்ணன் துவங்குவம்?"

"சம்பளம் எடுத்த உடன" என்றேன்.