கோமதியம்

1963 ஜூன் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பழைய மாணவன் ராஜகோபால் வந்தான். ஞாயிறன்று பழைய பிள்ளைகள் சேர்ந்து எனக்கு விருந்தாம், தேக்கா மார்க்கெட் பக்கத்து மண்டபத்தில்.
“சார், கோமதியம் கதையைக் கட்டாயம் சொல்லணும் லா. அந்தக் கட்டியையும் கொண்டாங்க.”
கட்டி: ஓய்வு பெற்றபோது ஆய்வுக்கூடத்திலிருந்து நினைவாகக் கொடுத்த காரீயம். ஜன்னல் கதவுக்கு முட்டாக இருக்கிறது.
கதை: பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இதே கட்டியை வைத்துத் தன்வெப்பம் காணும் சோதனை. மெல்லச் சூடேறும் தண்ணீர் நிதானக்காரன், காரீயம் முன்கோபி என்று உதாரணம் சொல்வேன். புத்தகத்தில் காரீயத்துக்கு 0.031. வகுப்பு முழுக்க 0.031. கோமதி மட்டும் 0.054. அவள் நோட்டை உயர்த்திக் காட்டினேன்: “நம்ம கோமதி புது உலோகம் கண்டுபிடிச்சிருக்கா. பேரு கோமதியம்!” மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கவனக்குறைவுக்கு அதைவிட நல்ல உதாரணம் பிறகு கிடைக்கவில்லை. வருஷா வருஷம் சொன்னேன்.

ஜூன் 5, புதன்
மேடையில் செய்துகாட்டலாமே என்று சமையலறையில் ஒத்திகை.
கட்டி 200 கிராம், கொதிநீரில் 99 டிகிரி.
செம்புக் கோப்பையில் தண்ணீர் 100 கிராம், 28 டிகிரி.
கட்டியை உள்ளே விட்டுக் கலக்கினேன். 32 வர வேண்டும். வந்தது 34½. கணக்குப் போட்டால் 0.053.
மறுபடி: 0.055. தெர்மாமீட்டரை மாற்றி: 0.054.
மனைவி பங்கஜம்: “சோறு வைக்கணும். அடுப்பை விடுறீங்களா, இல்ல கட்டியைத் திங்கிறீங்களா?”

ஜூன் 6, வியாழன்
கறுப்புப் பெயின்டைச் சுரண்டி, கட்டியைத் தாளில் தேய்த்தேன். காரீயமானால் பென்சில் போலக் கோடு விழும். விழவில்லை. வெள்ளீயம். அதற்குத்தான் 0.055. போருக்குப் பின் கிடைத்ததை வாங்கிப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.
அப்படியானால் மற்ற முப்பத்தொரு பேர்? விடையைப் புத்தகத்தில் பார்த்து, வெப்பநிலையைப் பின்னாலிருந்து எழுதியவர்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லா வகுப்பிலும் அப்படித்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

ஜூன் 7, வெள்ளி
கோமதி பஃபலோ ரோட்டில் தையல் வேலை. அந்த வருஷமே படிப்பை விட்டவள். நான் நிற்கும்போதே வாசலில் ஒரு பெண், “கோமதியம் அக்கா, பிளவுஸ் ஆச்சா?” பெயரின் காரணம் அவளுக்குத் தெரிந்திருக்காது.
விஷயத்தைச் சொன்னேன். கோமதி மிஷினை நிறுத்தவில்லை.
“மூணு தரம் செஞ்சேன் சார். அன்னைக்கே சொன்னேன். நீங்க கேக்கல.”
மன்னிப்புக் கேட்டேன்.
“என்கிட்ட எதுக்கு? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க.”
ஞாயிறு மேடையிலேயே சொல்கிறேன், வா என்றேன்.
“நெசமாவா சார்?” மிஷின் நின்றது.

ஜூன் 9, ஞாயிறு
புழுக்கம். பிரியாணி நன்று. மாலை, பொன்னாடை, நான்கு பேச்சு. கோமதி கடைசி வரிசையில், பட்டுப்புடவையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.
கட்டியைத் தூக்கினேன். வாய் திறக்குமுன்பே சிரிப்பு. “கோமதியம்! கோமதியம்!” ராஜகோபால் மேசையைத் தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். எத்தனை ஆசையாகப் பார்க்கிறார்கள் என்னை.
“நம்ம கோமதி” என்று ஆரம்பித்தேன். பழையபடியே சொல்லி முடித்தேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.
பலத்த கைதட்டல். அது ஓய்ந்து, எல்லோரும் பாயசத்துக்கு எழுந்தபிறகும், கோமதி மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.