திறக்காமல் வைத்திருந்த கார்ட்

பொலித்தீன் பொட்டலத்தின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது கருகிய நாற்றம் ஒன்று எழுந்தது. நாலு வருடத்துக்கு முன்பு மெழுகுதிரிச் சுவாலையில் பிடித்து நானே உருக்கி ஒட்டிய வாய் அது. அத்தனை காலமும் அந்த நாற்றம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் மகள் பிறந்த மாதத்தில் போட்ட தொப்பி, தொப்பிக்குள் உன் மெமரி கார்ட். ஒரு தபால் முத்திரை அளவுதான். மூலையில் நீ சிவப்பு நகப்பூச்சால் எழுதிய மூன்று என்ற இலக்கம் கொஞ்சமும் உரியவில்லை. நேற்றுத்தான் கமராவிலிருந்து கழற்றியதுபோல இருந்தது. அந்தத் தோற்றத்தை நம்பித்தான் ஏமாந்தேன்.

அது போன மாதம். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும் என்று நாளும் நினைக்கிறேன். சொல்ல வேறு ஆளும் இல்லை. மகளின் அப்பா கட்டாரிலிருந்து கோல் எடுக்கும் பத்து நிமிடத்தில் பிள்ளை சாப்பிட்டாளா, சளி மாறிவிட்டதா என்பதற்குமேல் கதை போவதில்லை. அம்மா தம்பியோடு முல்லைத்தீவுக்குப் போய்விட்டா. கனகராயன்குளத்து வீட்டில் நானும் மகளும்தான். அவள் நித்திரையான பிறகு வீடு எனக்குப் பெரிதாகிவிடுகிறது.

எங்கள் முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையை நீ மறந்திருக்க மாட்டாய். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என் பட்டச் சான்றிதழ் எல்லாம் தனித்தனியாகப் பொலித்தீனில் இட்டு, வாயை உருக்கி ஒட்டி, அதற்குள் இருக்கும். ஓடவேண்டி வந்தால் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை. இது அம்மா பழக்கியது. அப்படி ஒட்டிய கடதாசிகள்தான் யுத்தத்தின் கடைசி நாட்களில் எங்களோடு தண்ணீருக்குள்ளால் வந்து, முகாமில் பிரித்தபோது ஈரம் படாமல் இருந்தன. அல்பங்களைப் பாரம் என்று வழியில் விட்டோம். பன்னிரண்டு வயதுக்கு முந்திய என் முகத்தைக் காட்ட ஒரு படமும் இல்லை. உனக்கும் இல்லை. ஆனால் நீ கமரா வாங்கினாய், நான் பையைத் தொங்கவிட்டேன்.

"உங்கட வீட்டிலை இன்னும் இடம்பெயர்வு முடியேல்லையோடி?" என்று பையைத் தட்டிவிட்டுச் சிரித்தாய்.

"முடிஞ்சதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்றேன். அதற்கு நீ சிரிக்கவில்லை.

வவுனியாவில் ஒரே அறையில் இருந்து படித்தோம். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. நீ கலியாணங்களுக்குப் படம் எடுக்கப் போனாய், நான் உன் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். ஆனையிறவில் உப்பளத்தங்கரையில் ஒரு சோடியை நிறுத்திப் படம் எடுத்த பின்னேரம் நினைவிருக்கிறதா? கார்ட் மாற்றும்போது காற்று அடித்து உன் சால்வை கையில் சுற்ற, எடுத்து முடித்த கார்ட் உப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. தாலி கட்டியது முதல் எல்லாம் அதற்குள். மாப்பிள்ளை வரம்பில் குந்திவிட்டார். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தடவி எடுத்து, குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை முழுக்க அதன்மேல் ஊற்றினாய்.

"எழும்புங்கோ அண்ணை. உப்பு காயமுந்திக் கழுவினாச் சரி. உங்களைத் தண்ணிக்குள்ளை போட்டெடுத்தாலும் இப்பிடிச் சுகமா வரமாட்டியள்."

மணப்பெண் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தது அப்போதுதான். நீ அதையும் எடுத்தாய். கார்டை இரண்டு நாள் அரிசிப் பேணிக்குள் வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தாய். ஒரு படம் பிசகவில்லை. அந்தக் கார்ட்தான் மூன்றாம் இலக்கம். அதன்பிறகு அது உன் சட்டைப் பையோடு ஒருதரம் தோய்க்கப்பட்டது, ஒருதரம் பஸ் படியில் மிதிபட்டது. நீ அதை ராசியான கார்ட் என்பாய். நானும் அதற்குச் சாவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ வேறொன்றும் சொன்னாய். அறையில் கட்டிலில் கார்டுகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக லப்டொப்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாம் எப்போதோ கொப்பி பண்ணியவை. எதற்கு மினக்கெடுகிறாய் என்று கேட்டேன்.

"உறுதியைப் பூட்டி வைக்கலாமடி. இதைப் பூட்டி வைக்கேலாது" என்றாய்.

காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

மகள் பிறந்து துடக்குக் கழிக்கும் முப்பத்தொன்றுக்கு நீ பரந்தனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். ஐயர் வந்து புண்ணியதானம் செய்ததை, தொட்டிலில் போட்டதை, குசினிக்குள் பெண்கள் பலகாரம் சுட்டதை எல்லாம் எடுத்தாய். எல்லாரும் சாப்பிட இருந்த நேரம் நான் உன் கழுத்திலிருந்து கமராவைக் கழற்றினேன்.

"விடடி. என்ர மூஞ்சை ஆருக்கு வேணும்?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நில். ஒண்டே ஒண்டு."

"படம் எடுக்கிறவள் படத்திலை நிண்டா வேலை போயிடும்" என்றாய். ஆனாலும் நின்றாய். தலை கலைந்திருந்தது. வியர்வையில் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாய். மகள் உன் சட்டையின் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி நித்திரை.

போகும்போது கார்டைக் கழற்றி என் கையில் வைத்தாய். "இது வேலை இல்லை, உன்ர வீடு. கிடக்கட்டும். வாற கிழமை லப்டொப்போடை வந்து கொப்பி பண்ணித் தாறன்."

அந்தக் கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். ஐந்தாம் நாள் விடிய உன் அம்மாதான் எனக்குக் கோல் எடுத்தா. பாலூட்டும் பிள்ளையோடு செத்தவீட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். நான் வரவில்லை.

நீ போன எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, நான் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். எங்களுக்குத் தெரிந்த பத்திரம் அதுதானே. காற்றுப் படாமல், ஈரம் படாமல், கை படாமல் ஒட்டி, உறுதிக்குப் பக்கத்தில் வைத்து, எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழேயே அந்தப் பையில் தொங்கவிட்டேன்.

கொப்பி எடுத்து அனுப்பச்சொல்லி இவர் கட்டாரிலிருந்து எத்தனையோ தரம் கேட்டார். ஓம் ஓம் என்றேன். கடையில் கொடுத்தால் அழித்துவிடுவார்கள் என்று பயந்தேன். பஸ்ஸில் கொண்டுபோனால் தொலைந்துவிடும் என்று பயந்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று தரம் எழும்பிச் சூடு பார்க்கிறவள் நான், உனக்குத் தெரியும். போட்டுப் பார்க்கிற அந்த நேரத்திலேயே அது பழுதாகிவிட்டால் என்ன செய்வது? இதெல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன காரணங்கள். உனக்குச் சொல்வதானால், திறந்தால் அதற்குள் நீ சிரித்துக்கொண்டு நிற்பாய். அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. திறக்காதவரைக்கும் அது அங்கே இருக்கிறது என்ற எண்ணம் போதுமாக இருந்தது.

போன மாதம் உன் அம்மா கதைத்தா.

"பிள்ளை, சுவரிலை கிடந்த அவளின்ர படத்தைக் கறையான் திண்டுபோட்டுது. உன்னட்டை ஏதும் கிடக்குதோ?"

அந்தச் சுவர்ப்படமும் உன் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்ததுதான்; அட்டையை மரணப் பதிவின்போது திருப்பி வாங்கிவிட்டார்கள். உன் போனின் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று கொண்டுபோன ஆள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறந்து கொடுத்தார். லப்டொப் நிறைய ஊரார் வீட்டுக் கலியாணங்கள். அதில் ஒன்றிலும் நீ இல்லை. யுத்தத்தில் போன உன் அண்ணாவுக்கும் படம் இல்லாமல்தான் அந்த வீட்டில் விளக்கு வைக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த தாய்க்கு ஒரு முகமும் மிஞ்சவில்லை.

"கிடக்குது அன்ரி" என்றேன். "கொண்டாறன்."

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். வவுனியாவிலிருந்து வந்து கடை போட்டிருப்பவர், நிதானமானவர். மகள் என் மடியில் இருந்தாள். கார்டைப் போட்டதும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

"எத்தின வருசம் தங்கச்சி போட்டுப் பாக்கல்ல?"

"நாலு. காத்துக்கூடப் படாமல் வச்சிருந்தனான், நானா."

"அதான். தண்ணியில விழுந்தாத் தாங்கும், கீழ விழுந்தாத் தாங்கும். உள்ளுக்க பிடிச்சு வெச்சிருக்கிறது கரண்ட் மாதிரி ஒண்டு. அது மெல்ல மெல்லக் கசியும். சூட்டில கெதியாக் கசியும். நல்லா ஓடித் தேய்ஞ்ச கார்ட்டெண்டா இன்னும் கெதி. புதுசெண்டா ஒருவேளை தாங்கியிருக்கும்."

ராசியான கார்ட். உப்பளத்திலிருந்து மீண்ட கார்ட். எல்லாவற்றையும் தாங்கித் தாங்கியே அது தேய்ந்திருந்தது. நான் அதைத்தான் கூரைச் சூட்டில் தொங்கவிட்டிருந்தேன்.

பின்னேரம் வரச்சொன்னார். மகளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, பஸ் நிலையத்து வாங்கில் இருந்தேன். கோயில் நேர்த்தி ஒன்று வைத்தேன், எதற்கு என்று தெளிவில்லாமல். படம் வரவேண்டும் என்றா, அல்லது உன் அம்மாவுக்கு முன்னால் நான் நிற்கத்தக்கதாக ஏதாவது வரவேண்டும் என்றா, தெரியவில்லை.

பாதிக்குமேல் போய்விட்டது. தொட்டில் இல்லை, ஐயர் இல்லை. சில படங்களில் எண்ணெய்ச் சட்டியும் யாருடையவோ கையும் மட்டும். கடைசிக்குக் கிட்ட உன் படம் வந்தது. திரையில் மேலிருந்து கீழே மெல்ல இறங்கியது. வாசல் நிலையின் மாவிலை. உன் கலைந்த தலை. இழுபட்ட பொட்டு. கண். அடக்கிய சிரிப்பு. கழுத்து. அதோடு நின்று, கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

"இது ஆரம்மா?"

"உன்னைத் தூக்கி வச்சிருந்த அன்ரி."

மகள் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "அப்ப நான் எங்கை?"

நானா மூன்று இடத்தில் கொப்பி போட்டுத் தருவதாகச் சொன்னார். சாம்பல் பக்கத்தை வெட்டிவிட்டுப் பிரின்ட் எடுக்கலாமா என்றும் கேட்டார். நான் வெட்டாமலே எடுக்கச் சொன்னேன். வெட்டுகிற உரிமை என்னுடையது இல்லை என்று பட்டது.

அப்படியே பரந்தனுக்கு பஸ் ஏறினோம். உன் அம்மா படத்தை வாங்கி, கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு இருந்தா. கனநேரம் பார்த்தா. பிறகு தலை நிமிராமலே கேட்டா.

"இது நாலு வருசமா உன்னட்டையோ கிடந்தது?"

"ஓம் அன்ரி."

"ஒருக்காச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

அதற்குமேல் ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவவும் அழுதிருப்பா, ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அவ எழும்பிப் போய்ப் பிள்ளைக்கு ஒரு விசுக்கோத்து எடுத்து வந்து கொடுத்துவிட்டு, மறுபடி படத்தை மடியில் வைத்துக்கொண்டா.

"முகம் வந்திட்டுது. காணும். மற்றவனுக்கு இதுவும் இல்லை." சாம்பல் நிறத்தை விரலால் தடவினா. "இதுக்குள்ளை என்ன கிடந்தது?"

சொன்னேன். சட்டை மஞ்சள், கழுத்துப் பட்டியைப் பிள்ளை பிடித்திருந்தது, பிள்ளையின் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நீ அந்தக் காலை உள்ளங்கையால் பொத்தி வைத்திருந்தாய். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்ததும், "இன்னொருக்காச் சொல்லு" என்றா. இன்னொரு தரம் சொன்னேன்.

படம் இப்போது சாம்பலோடேயே சுவரில் இருக்கிறது. வெட்டச்சொன்னவர்களிடம், கீழே பிள்ளை இருக்கிறது என்று சொல்கிறாவாம். கிழமைக்கு ஒரு தரம் எனக்குக் கோல் எடுக்கிறா. வந்து பார்த்தவர்கள் கேட்கும்போது பதில் சொல்லவேண்டுமே, அதற்காக. சட்டை மஞ்சளில் எந்த மஞ்சள்? கையில் காப்புப் போட்டிருந்தாளா? நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த நிமிடத்தில் உனக்கு முன்னால் நின்றது நான் ஒருத்திதான்.

இன்றைக்குப் பின்னேரமும் எடுத்தா.

"பிள்ளை, குழந்தையை எந்தக் கையிலை வச்சிருந்தவள்?"

"இடது கையிலை, அன்ரி" என்றேன், யோசிக்காமல்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நீ எப்போதும் வலது கையில் கமராவைப் பிடிப்பவள், ஆகவே பிள்ளை இடது கையில். அப்படித்தான் அந்தப் பதில் வந்திருக்கிறது. ஆனால் அந்த நேரம் கமரா என்னிடம் இருந்தது. நீ எந்தக் கையிலும் பிள்ளையை வைத்திருந்திருக்கலாம். மகளைத் தூக்கி அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அவள் பாரம் கூடிவிட்டாள், இறக்கிவிடு என்று சிணுங்கினாள். இரண்டும் சரியாகத்தான் தெரிந்தன.

உன்னிடம் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ சொல்லப்போவதில்லை. இடது என்றே எழுதி வைக்கிறேன்.