தனுஷாவின் எடை

கோலா பிலா
12 மார்ச் 2023

தனுஷா அப்பாவுக்கு,

அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இருமல் நின்றதா? நானும் பிள்ளையும் இருக்கிறோம். நீங்கள் உள்ளே போனதிலிருந்து தோட்டத்து லயத்தில் யாரும் நம் வாசலில் நின்று பேசுவதில்லை. திருட்டு உர மூட்டையை லோரியில் ஏற்றியவர் வீடு இது என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கைகாட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு பெட்ரிசியா அக்கா மட்டும் வந்து போகிறார்.

நேற்று தனுஷாவை கிளினிக்குக் கொண்டுபோனேன். மூன்று வயதுக்கு இந்த எடை போதாது, ரத்தமும் குறைவு என்றார் நர்ஸ் மிஸ்ஸி. "என்னம்மா சாப்பிடக் கொடுக்கிறே?" என்று கேட்டார். டின் பால், கிச்சாப் சாஸ் ஊற்றிய சோறு என்றேன். "முட்டை, மீன், கீரை எதுவும் இல்லையா?" என்றார். இதுவரை வாங்கிப் போட்டது என் வீட்டுக்காரர், நான் சமைத்தது மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்க நான் வேலைக்குப் போனால் இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார் காட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம். பெட்ரிசியா அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். போகட்டுமா?

குமுதவல்லி


சிறையிலிருந்து
2 ஏப்ரல் 2023

குமுதா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருமல் பரவாயில்லை. ராத்திரியில்தான் உங்கள் நினைப்பு அதிகம்.

வேலைக்கெல்லாம் போக வேண்டாம். ஹேமநாதன் பெண்டாட்டி பழம் பொறுக்குகிறாள் என்ற பேர் எனக்கு எதற்கு? இருக்கிற பேர் போதும். லுக்குட்டிலிருந்து அண்ணன் வந்து உங்களைக் கூட்டிப் போவார். நான் வரும்வரை அங்கேயே இருங்கள். பிள்ளை ஒல்லியாக இருப்பதற்கு மிஸ்ஸி பயமுறுத்துகிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சின்ன உடம்புதான்.

அவளுக்கு என் முத்தம்.

ஹேமன்


கோலா பிலா
20 ஜூன் 2023

தனுஷா அப்பாவுக்கு,

நான் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார். என் வாயாலும் கேளுங்கள்.

லுக்குட்டில் யாரும் எங்களைத் திட்டவில்லை. மூன்று வேளையும் நான்தான் சமைத்தேன். ஒருநாள் உங்கள் அண்ணன் தட்டில் வைத்திருந்த அவித்த முட்டையைத் தனுஷா எடுத்துவிட்டாள். அண்ணி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முட்டையை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தார். கோபமே இல்லை. "இது பெரியப்பாவுக்குடா" என்றார், அவ்வளவுதான். பிள்ளை அழவில்லை. அழாமல் என்னைப் பார்த்தாள். நானும் அப்படித்தானே அவளைப் பழக்கியிருக்கிறேன்?

மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள்.

காட்டு வேலை கஷ்டம்தான். முள் குத்தி விரலெல்லாம் வீங்குகிறது. முதல் சம்பளத்தில் பாசாருக்குப் போனேன். எது வேண்டும் என்று மீன்காரர் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கெம்போங் மீனும் முட்டையும் கீரையும் வாங்கினேன். தனுஷா மஞ்சள் கருவைத் துப்பிவிட்டாள். இரண்டாம் வாரம் தானே கேட்டு வாங்கித் தின்றாள்.

சாயங்காலம் அவள் தூங்கிய பிறகு வீடு ரொம்பப் பெரியதாகிவிடுகிறது. ஒரு வரி எழுதுங்கள்.

குமுதவல்லி


சிறையிலிருந்து
19 ஜனவரி 2025

குமுதா,

எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்து பேனாவை வைத்துவிடுவேன். நீ விடாமல் எழுதினாய். எல்லாவற்றையும் படித்தேன்.

அடுத்த மாதக் கடைசியில் என்னை விடுகிறார்கள். நீ வேலையை விட்டுவிடு. ஒன்றரை வருஷம் பட்டது போதும். பேங்க் கார்டை எடுத்து வை, பாசாருக்கு இனி நானே போய்க்கொள்கிறேன். பழையபடி இருப்போம். உன் கையால் ஒரு மீன் குழம்பு சாப்பிட வேண்டும். தனுஷாவுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா?

உன் ஹேமன்


கோலா பிலா
2 பிப்ரவரி 2025

தனுஷா அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு உங்கள் முகம் நன்றாகத் தெரியும். கல்யாணப் படத்தைக் காட்டி, "அப்பாவுக்கு மீசை வேண்டாம்" என்கிறாள்.

வாங்க. வேலையை விடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கார்டும் என்னிடமே இருக்கட்டும். நீங்கள் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடியவிடிய தோளில் போட்டு நடந்தவர். ஆனால் சட்டியில் இருந்த மீன் எப்போதும் உங்கள் தட்டுக்குத்தான் வந்தது. போட்டது நான். இனி முதலில் அவளுக்கு, பிறகு நம் இருவருக்கும். பழையபடி என்னால் இருக்க முடியாது.

இதற்குச் சம்மதமென்றால் பிலா பஸ்ஸில் வந்து இறங்குங்கள். மார்ச் முதல் தேதி சனிக்கிழமை, நானும் பிள்ளையும் பஸ் ஸ்டேஷனில் நிற்போம்.

குமுதவல்லி


கோலா பிலா
6 ஏப்ரல் 2025

லுக்குட், அண்ணன் வீட்டில் இருக்கும் தனுஷா அப்பாவுக்கு,

அன்று கடைசி பஸ் வரைக்கும் நின்றோம். நீங்கள் லுக்குட்டில் இறங்கிவிட்டதாக அண்ணி போனில் சொன்னார். திரும்பி வரும்போது, "அப்பா பஸ் கெட்டுப்போச்சா?" என்றாள் தனுஷா. ஆமாம் என்றேன். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாங்க. நான் தடுக்க மாட்டேன்.

வியாழக்கிழமை கிளினிக்குப் போயிருந்தோம். தனுஷாவின் எடை சரியாக இருக்கிறதாம், ரத்தமும் ஏறிவிட்டதாம். இனி மாதாமாதம் வர வேண்டாம் என்று மிஸ்ஸி அவள் தலையில் தட்டி அனுப்பினார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். பெட்ரிசியா அக்கா மகளோடு இருக்க ராசா டவுனுக்குப் போய்விட்டார். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குமுதவல்லி