காதுக்குப் பின்னால்

12 ஜூன் 2025, வியாழன்

இன்டீரியர் டிசைன் டிப்ளமோவுக்கு இந்த வருடம் இருபத்து மூன்று பிள்ளைகள். முதல் பாடம் வழக்கம்போல. கோடு, தளம், உருவம், கனம், வெளி என்று போர்டில் எழுதிவிட்டு அட்டையில் ஒரு கனசதுரம் செய்யச் சொன்னேன். முடித்ததும் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஓவியத்தை நின்று பார்க்கலாம், இதைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பக்கமும் நீங்கள் செய்ததுதான் என்றேன். பதினோரு வருடமாகச் சொல்லும் அதே வாக்கியம்.

மத்தியானம் அப்பா போன் செய்தார். அண்ணன் செத்து மூன்று மாதம். முந்திரிக் கொல்லையில் அவனுக்கு மார்பளவுச் சிலை வைக்கப் போகிறாராம். ஆவணிக்குள் வேண்டுமாம். வெளியாள் செய்யக்கூடாது, நான்தான் செய்ய வேண்டும் என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

15 ஜூன், ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம், அப்புறம் ஆண்டிமடம் பஸ். மூன்று பஸ்ஸிலும் ஜன்னல் சீட் கிடைத்தது. இறங்கவே பிடிக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் முடித்து வைத்தவன் அண்ணன். ஒரே வருடத்தில் நான் அந்த ஆளை விட்டு வந்தபோது, "அங்க போ, இல்லன்னா இந்த வூட்டுக்கு வராத" என்றான். வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. ஆறு வருடம். எங்கள் சண்டை இவ்வளவுதான், எழுதினால் நாலு வரி வருகிறது.

சாவு அன்றும் முகம் பார்க்கவில்லை. விளக்கு போடாமல் நின்ற லாரியில் பைக்கோடு மோதியிருந்தான். ஆஸ்பத்திரியில் முழுக்கச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணி சத்யா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் பெண் தமிழ்மொழிக்கு ஐந்து வயது. அவளை நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. அப்பா ஒரு கவரில் ஒன்பது போட்டோ கொடுத்தார். லைசென்ஸ், ரேஷன் கார்டு, கல்யாணம், அஞ்சலி போஸ்டரில் போட்டது. எல்லாம் நேர்முகம். எல்லாவற்றிலும் ஃபிளாஷ் வெளிச்சம். ஒரு நிழல் விழவில்லை. மூக்கு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று ஒன்பதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

22 ஜூன், ஞாயிறு

என் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் இரும்புக் கம்பி நட்டு, வலை சுற்றி, களிமண் ஏற்றினேன். முன்பக்கம் நான் நினைத்ததைவிட எளிதாக வந்தது. நெற்றி, அடர்ந்த புருவம், அப்பாவுக்கு இருக்கும் அதே தாடை. நாற்பத்தைந்து வயது ஆள்தான்.

சிலை நின்ற பலகையைக் கால்வட்டம் திருப்பினேன்.

யாரோ.

24 ஜூன், செவ்வாய்

காது எவ்வளவு பின்னால் இருந்தது? ஒரு விரலா, இரண்டு விரலா? கூடப் பிறந்தவனின் காது.

4 ஜூலை, வெள்ளி

மனதைத் திடப்படுத்திக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்தேன். பக்கவாட்டில், பின்னாலிருந்து எடுத்த போட்டோ ஏதாவது உங்கள் போனில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருந்தவரைக்கும் நீங்க திரும்பிப் பாக்கல. இப்ப பின்மண்ட எப்படி இருக்கும்னு என்கிட்ட கேக்கறீங்க."

வைத்துவிட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

பின்பக்கத்தை ஞாபகத்தில் இருந்தே செய்துவிட்டேன். நாலு வருடம் அவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஜெயங்கொண்டம் ஹைஸ்கூலுக்குப் போனேன். மேட்டில் மிதிக்கும்போது பிடரியில் இரண்டு நரம்பு எழும்பும். நடுவில் ஒரு பள்ளம். அதில் வியர்வை நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், கை தானாகப் போனது. அழகாகவே வந்திருக்கிறது.

ஆனால் அது பதினேழு வயதுப் பிடரி. முன்னால் இருப்பது நாற்பத்தைந்து. இரண்டும் காதில் வந்து சந்திக்க மறுக்கின்றன. எந்தப் பக்கத்தை இழைத்தாலும் மறுபக்கம் பொய்யாகிறது. நடுவில் இருந்த ஆள்தான் மொத்தமாக இல்லை. நடுவில் நான் எங்கே இருந்தேன்? எண்பது கிலோமீட்டர் இருக்குமா? அவ்வளவுதான் தூரம்.

ஒருமைப்பாடு என்ற தலைப்பில் நாளை வகுப்பு.

13 ஜூலை, ஞாயிறு

சொல்லாமல் வந்துவிட்டார்கள். அப்பா, அண்ணி, குழந்தை. அப்பா கொட்டகைக்குள் வந்து எதிரே நின்றார். "அவனேதான்" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் ஓரடி நகரவில்லை.

அண்ணி நகர்ந்தார். மெதுவாகச் சுற்றி வந்து பின்னால் நின்றார். என் மாணவர்களில் ஒருவர்கூட அப்படிப் பார்த்தது கிடையாது.

"இது யாரு?" என்றார்.

நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கோபமில்லாமல், கடைக்காரரிடம் அளவு சொல்வது மாதிரிச் சொன்னார். கழுத்தில் இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது. உச்சியில் முடி இல்லை. பைக்கில் போய்ப் போய்த் தோள் முன்னால் வந்துவிட்டது. அப்புறம், அப்பாவுக்குக் கேட்காத மாதிரி, "எடது காது நாலு வருசமா கேக்காதுங்க. யார் பேசுனாலும் வலது காதக் குடுத்துத்தான் கேப்பாரு. தல நேரா நின்னதே இல்ல" என்றார்.

அண்ணனுக்குக் காது கேட்காது. எனக்குத் தெரியாது.

அவர் கட்டைவிரலால் பிடரிப் பள்ளத்தில் லேசாக அழுத்தி, "இங்க சத இருக்கும்" என்றார். உடனே கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்கக்கூடாததைக் கேட்டேன். என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா அண்ணி?

"இல்லீங்க."

யோசித்துக்கூடச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் எனக்காக ஒரு பொய் சொல்லியிருப்பார்.

20 ஜூலை, ஞாயிறு

தலையை அண்ணி சொன்னபடி திருப்பப் பார்த்தேன். தலை திரும்பினால் கழுத்து, கழுத்து திரும்பினால் தோள், கனம் மொத்தமும் இடம் மாறும். உள்ளே கம்பி நேராக நிற்பதற்காகவே நட்டது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கம்பியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதை முதல் மாதமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தெரிந்தும் மண்ணை மட்டும் வளைத்தேன். அந்தப் பிடரியைப் பிரிக்க மனசு வரல. வேற என்ன சொல்ல.

டீ போடப் போனேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் தலை சிமெண்டுத் தரையில் கிடந்தது. விழுந்த பக்கம் சப்பையாகிவிட்டது. தூக்கினேன். ஒரு குழந்தையின் தலை கனம் இருந்தது. இல்லை, அதைவிடக் கனம். எவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்தேன் என்று தெரியாது.

21 ஜூலை

தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

28 ஜூலை, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரோட்டோரப் பட்டறையில் உடம்பு ரெடியாக இருக்கிறதாம், போட்டோ கொடுத்தால் தலை மட்டும் வைத்துத் தருவார்களாம். "தேதி குறிச்சாச்சும்மா. நீ சிரமப்படாத" என்றார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

கொல்லையில் சிலை திறந்தார்கள். வெள்ளைச் சட்டை, சிவந்த உதடு, பட்டாளத்தான் மாதிரி நிமிர்ந்த தலை. ஒரு சாடையும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் உரிச்சு வச்ச மாதிரி இருக்கு என்றார்கள். அப்பா எல்லோரிடமும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கூட்டம் பந்திக்குப் போனதும் பின்னால் போய்ப் பார்த்தேன். தலையின் பின்பக்கம் தட்டையாக விட்டிருந்தார்கள், பெயிண்டும் பாதிதான். அங்கே அண்ணி எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மண்ண என்ன பண்ணீங்க?"

ஊறப் போட்டுட்டேன் அண்ணி என்றேன்.

தலையசைத்தார். பிறகு குரலை இறக்கி, "எடது காதுன்னு சொன்னேன்ல. இப்ப வலதோன்னு இருக்கு. நேத்துலேருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். புடிபடல" என்றார்.

அப்பாவைக் கேட்கலாமே என்றேன். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். அண்ணன் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான்.

அவர் பக்கத்தில் நின்றேன். சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பக்கத்திலேயே நின்றோம்.

14 செப்டம்பர், ஞாயிறு

பதினோரு மணிக்கு அண்ணி வந்தார், குழந்தையோடு. மண் இருக்கா என்றார். தொட்டியிலிருந்து எடுத்துப் பிசைந்து கொடுத்தேன். கம்பி வேண்டாம் என்றார். எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேங்காய் அளவு வந்தது. முகம் இல்லை. கழுத்தின் பின்புறம், இரண்டு மடிப்பு, தோள் தொடங்கும் இடம். காது வரும் இடத்துக்குப் போனதும் கையை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றும் வைக்காமல் விட்டார். அதன் விகிதமெல்லாம் தப்பு. இருந்தும் நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மனிதன் குனிந்து எதையோ செய்துகொண்டிருப்பது போல இருந்தது.

"சரியா இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணி."

ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். இது சுடாத மண், ஊர் போய்ச் சேர்ந்து காய ஆரம்பித்ததும் வெடித்துவிடும், இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வெடிக்கட்டும்ங்க. அது வரைக்கும் வூட்ல இருக்கும்ல."

பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். பஸ்ஸில் குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தமிழ்மொழி எனக்குக் கையாட்டினாள். நான் வீட்டுக்கு வந்து கொட்டகையைக் கழுவினேன்.